வலது தோள் மச்சம்

கௌரி அதை முதலில் கண்டது பெனியனில்தான். சனிக்கிழமைகளில் வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டுப் பிழியும்போது யோகநாதனுடைய பெனியனின் வலது தோளில் கடுகளவு பழுப்புக் கறை தெரிந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்றார் அவர். அடுத்த சனிக்கிழமை வேறொரு பெனியனில் அதே இடத்தில் கறை இருந்தது. மூன்றாம் சனிக்கிழமை இரண்டு பெனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறைகள் பொருந்தின.

"நுளம்புக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காதப்பா. சேட்டைக் கழட்டுங்கோ."

பிறவியிலேயே அவருடைய தோளில் ஒரு மச்சம் உண்டு. கல்யாணம் செய்த காலத்தில் மிளகளவு இருந்தது. இப்போது அதன் ஒரு பக்கம் கரைந்து வழிந்ததுபோலப் பரவியிருந்தது. மேலே சிறிய பொருக்கு. அடுத்த நாளே தோல் டொக்டரிடம் போகவேண்டும் என்றாள் கௌரி. அவர் ஓம் என்றார். பிறகு இரண்டு மாதம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைச் சொல்வதென்றால் அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். யோகநாதனுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. சாவகச்சேரியில் பிறந்தவர். எண்பத்தெட்டில் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பதே வேலை. பெட்டியில் உள்ளதும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தாலும் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். பத்து வருடம் இதையே செய்த மனிதருக்கு உலகமும் அப்படித்தான் இயங்குகிறது என்ற எண்ணம் வருவது இயல்பு. அவரைத் துணிச்சல்காரர் என்று சொல்லமுடியாது, கோழை என்றும் சொல்லமுடியாது. ஒழுங்கானவர் என்று சொல்லலாம். அது பாராட்டுத்தானா என்பது வேறு விஷயம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் அவரும் கௌரியும் குடியிருந்தார்கள். வெளியே போகும்போதெல்லாம், ஆமியும் பொலிஸும் வீதியில் மறித்துச் சோதிக்கும் சென்றிகளில் காட்டுவதற்காக, அவருடைய கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, அலுவலகக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், விவாகப் பதிவு எல்லாம் அதற்குள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த உடனே கைக்கு வரும்படி, நான்காக மடித்த ஒரு கடதாசித் துண்டு. அவர் மிகவும் நம்பியது அந்தத் துண்டைத்தான்.

அது கிடைத்தது தொண்ணூற்றாறில், கோட்டையில் குண்டு வெடித்த கிழமையில். பஸ்ஸில் வந்த தமிழ் ஆம்பிளைகளை எல்லாம் இறக்கி ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நீண்ட அறையில் சேட்டைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு அதிகாரி ஒவ்வொருவருடைய முழங்கையையும் முழங்காலையும் பார்த்தார். பிறகு வலது தோளைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். துவக்குப் பிடித்தவன் என்றால் தோளில் அடையாளம் இருக்கும், ஊர்ந்து பழகியவன் என்றால் முழங்கையில் இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. யோகநாதனுக்குப் பக்கத்தில் நின்றவரின் தோளில், சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு ஒன்று இருந்தது. அவர் அதைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் எப்போது வெளியே வந்தார் என்று யோகநாதனுக்குத் தெரியாது.

யோகநாதனுடைய தோளில் அதிகாரியின் விரல் மச்சத்தின் மேல் நின்றது. அழுத்தியது. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். பிறவி மச்சம் என்று இவர் சிங்களத்திலேயே சொன்னார். அதிகாரி ஒரு துண்டில் சிங்களத்தில் எதையோ எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்துக் கொடுத்துப் போகச் சொன்னார். இவருக்குச் சிங்களம் பேச வரும். கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கையெழுத்தை வாசிக்க வராது. 'வலது' என்ற சொல்லையும் 'மச்சம்' என்ற சொல்லையும் மட்டும் அதில் எப்படியோ கண்டுபிடித்தார். சோதிக்கப்பட்டது, குற்றமில்லை, அடையாளம் மச்சம் என்று எழுதியிருக்கும் என்று விளங்கிக்கொண்டார். பிடிபட்ட கதை அலுவலகத்துக்குத் தெரியவேண்டாம் என்று அங்கே ஒருவரிடமும் அதைக் காட்டவில்லை.

ஆகவே அவருடைய கணக்கு இது. மச்சத்தை வெட்டினால் அந்த இடத்தில் தழும்பு வரும். அதுவும் வலது தோளில், துவக்கின் அடிக்கட்டை பதியும் இடத்தில். பத்திரத்தில் மச்சம் இருக்கும், பெட்டியில் தழும்பு இருக்கும். அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"மச்சத்தோட செத்துப்போனா அந்தத் துண்டை ஆருக்குக் காட்டப் போறியள்?" என்று கௌரி கேட்டாள். கடைசியில் அவளே கொட்டாஞ்சேனையில் டொக்டர் பலீலின் கிளினிக்கில் நம்பர் எடுத்து, பஸ்ஸிலும் கூட வந்தாள்.

டொக்டர் பலீல் அறுபதைத் தொட்டவர், மெலிந்தவர், அவசரமில்லாதவர். சேட்டைக் கழற்றச் சொன்னார். டொக்டர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் மச்சத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு முதுகைப் பார்த்தார், காதின் பின்புறத்தைப் பார்த்தார், சப்பாத்தையும் கழற்றச் சொல்லி உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் ஒவ்வொரு நகத்தையும் பார்த்தார். பொலிஸ் அதிகாரி உள்ளங்காலைப் பார்க்கவில்லை. டொக்டர் முழங்கையைப் பார்க்கவில்லை. ஒரே உடம்பிலும் அவரவர் தேடுகிற இடம் வேறு என்று யோகநாதனுக்குப் பட்டது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தோள் ஒன்றுதான்.

"எங்கட தோலுக்கு இந்தப் புற்று வருத்தம் குறைவு," என்றார் டொக்டர். "வந்தாலும் கூட வாரது காலுக்குக் கீழ, நகத்துக்குக் கீழ. ஆனா இது வளந்திருக்கு, நிறம் மாறியிருக்கு, ரத்தமும் வருது. வெட்டி எடுத்து அனுப்பிப் பாக்கணும். பாக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

வெட்டாமல் பார்க்கமுடியாதா, தழும்பு தெரியாமல் வெட்டமுடியாதா, கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று யோகநாதன் ஒவ்வொன்றாகக் கேட்டார். தழும்பு வரும் என்றார் டொக்டர். தோள்பட்டையில் வெட்டுக்காயம் சிலபேருக்குத் தடித்து எழும்பும், மச்சத்தைவிடப் பெரிதாகவும் தெரியலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டதும் இவருடைய முகம் போன விதத்தைப் பார்த்து, என்ன வேலை, எந்த ஊர் என்று விசாரித்தார். விசாரித்துவிட்டு மேசையில் இருந்த பேனையை மூடினார்.

"இங்க வார பொடியன்கள் தழும்ப எடுத்துத் தாங்க எண்டுதான் கேக்கிற. தழும்ப எடுத்தா அந்த இடத்திலயும் தழும்புதான் வரும் எண்டு சொல்லி அனுப்புவேன். மச்சத்த விட்டுத் தாங்க எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா என்று யோகநாதனுக்குத் தெரியவில்லை. எந்த வியாழக்கிழமையும் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் வந்தால் இருபது நிமிட வேலை, வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தருவதாகச் சொன்னார் டொக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார் யோகநாதன்.

அவர் யோசித்த விதம் அவருக்கே உரியது. அலுவலகத்திலிருந்து எண்ணெய்த்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோளில் அதை ஒட்டி மச்சத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்தார். திகதி போட்டார். இரண்டு கிழமை கழித்து மறுபடி வரைந்தார். நித்திரை குறைந்தது. பஸ்ஸில் யாராவது வலது பக்கம் இடித்தால் திடுக்கிட்டார். அலுவலகத்தில் ஒரு பத்திரத்தை மூன்று தரம் வாசித்தும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கீழே வைத்தார். சென்றியில் சோதனைக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவர்களுடைய தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை தோள்களில் ஒன்றாவது கேள்வி இல்லாத தோளாக இருக்குமா என்று நினைத்தார். மூன்றாம் முறை வரைந்ததை முதலாவதன் மேல் வைத்தபோது கோடு வெளியே வழிந்திருந்தது. பெனியன்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து கௌரி கண்டதைத்தான் அவரும் கண்டார். தானே வரைந்து திகதியும் போட்டிருந்ததால் நம்பினார்.

வெட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் பத்திரத்தைத் திருத்தவேண்டும். அலுவலகத்தில் அப்படித்தான். சரக்கு மாறப்போகிறது என்றால் கப்பல் வருவதற்கு முன்பே போய்த் திருத்தம் எழுதி முத்திரை வாங்கவேண்டும். வந்தபிறகு போனால் களவு என்பார்கள். இதைக் கௌரியிடம் சொன்னால் கதவைப் பூட்டிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு, உறையை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முன் தன்னைச் சேட்டில்லாமல் நிறுத்திவைத்த அதே பொலிஸ் நிலையத்துக்குத் தானாக நடந்து போனார்.

முன்மேசையில் நரை விழுந்த ஒரு சார்ஜன்ட் இருந்தார். யாரைப் பற்றி முறைப்பாடு என்று கேட்டார். ஒருவரைப் பற்றியும் இல்லை என்றார் யோகநாதன். ஏதும் தொலைந்ததா என்று கேட்டார். இல்லை. பஸ்ஸில் வரும்போதே சிங்களத்தில் சொல்லிப் பழகியதை யோகநாதன் ஒப்புவித்தார். தன்னுடைய வலது தோளில் ஒரு மச்சம் இருக்கிறது. இன்று பின்னேரம் அதை டொக்டர் வெட்டப்போகிறார். பிறகு அங்கே ஒரு தழும்பு வரும். அதை முன்கூட்டியே பதிந்து தரவேண்டும்.

சார்ஜன்ட் சேட்டைக் கழற்றச் சொன்னார். யோகநாதன் கழற்றினார். இதைத்தான் அவர் இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார், இப்போது தன் வாயால் கேட்டு வாங்கியிருக்கிறார். சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பொலிஸ்காரரும் எட்டிப் பார்த்தார்கள். மச்சம் இருக்கிறதே, தழும்பு எங்கே என்றார் சார்ஜன்ட். தழும்பு பின்னேரம்தான் வரும் என்றார் யோகநாதன். வாங்கில் ஒருவர் சிரித்தார். இருப்பதைத்தான் எழுதலாம், வரப்போவதை எழுதப் புத்தகம் இல்லை என்றார் சார்ஜன்ட். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை.

அப்படியானால் இதிலாவது ஒரு குறிப்புப் போட்டுத் தாருங்கள் என்று யோகநாதன் உறையைத் திறந்து அந்தத் துண்டை நீட்டினார். சார்ஜன்ட் கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சென்றிகளில் காட்ட என்றார் இவர். இரண்டு வருடமாக எல்லா இடத்திலும் காட்டுவதாகச் சொன்னார்.

"மேக்க பென்னன்ன கிவ்வே கவுத, மல்லி?"

இதைக் காட்டச் சொன்னது யார் தம்பி என்று கேட்டுவிட்டு, சார்ஜன்ட் அதை உரத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினார். சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டு இன்ன திகதி விசாரிக்கப்பட்டவர். அடையாளம், வலது தோளில் கறுப்பு மச்சம். தற்போதைக்கு விடுவிக்கப்படுகிறார். தேவைப்பட்டால் மறுபடி விசாரிக்கப்படவேண்டும்.

யோகநாதன் சேட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பம்பலப்பிட்டியில் ஒரு நாள் ஒரு ஆமிக்காரன் இந்தத் துண்டை வாசித்துவிட்டு முக்கால் மணிநேரம் வெயிலில் நிறுத்திவைத்தது நினைவுக்கு வந்தது. வந்த பஸ் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவன் ஒழுங்காக வாசித்துப் பார்த்தவன், வேலை தெரிந்தவன் என்று கௌரியிடம் மெச்சியிருந்தார். அப்படி எத்தனை தரம் ஓரமாக நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தனக்கு மட்டும் ஏன் தாமதம் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தத் துண்டு இருந்தபடியால்தான் இந்த அளவோடு விட்டார்கள் என்று நினைத்திருந்தார்.

சார்ஜன்ட் துண்டை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். இது உனக்கும் தேவையில்லை, எங்களுக்கும் தேவையில்லை, போய் வெட்டு என்றார். கேட்டால் நடந்ததை வாயால் சொல்லு என்றும் சொன்னார். யோகநாதன் பட்டன்களைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு ஆறுதல் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்த்து வீதியில் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தார். வாசிக்கத் தெரியாத ஒன்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இரண்டு வருடம் சென்றிகளைப் பயமில்லாமல் கடந்தவர், அது இல்லாமல் பயப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினார்.

கொட்டாஞ்சேனையில் வேலை இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. ஊசி போட்டபிறகு நோகவில்லை, கத்தரிக்கோலின் சத்தம் மட்டும் காதருகே கேட்டது. எடுத்த துண்டைச் சிறிய போத்தலில் போட்டு, மாக்ரெட் என்ற தாதி லேபல் எழுதி ஒட்டினாள். யோகநாதன் படுத்தபடியே அதைக் காட்டச் சொன்னார். பெயர் சரி. வயது சரி. தோள் மட்டும் இடது என்று இருந்தது. அவர் சொன்னதும் மாக்ரெட் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த லேபலைக் கிழித்துவிட்டு வலது என்று புதிதாக எழுதினாள். அவருடைய ஒழுங்கு அவருக்கு உதவியது அந்த ஒருதரம்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது கொள்ளுப்பிட்டிச் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அவருடைய கை தானாக உறைக்குள் போய், மேலே எதுவும் இல்லாமல் திரும்பியது. அடையாள அட்டையை மட்டும் கொடுத்தார். உடம்பைத் தடவிய ஆமிக்காரனின் கை தோளில் பிளாஸ்டரின் மேல் பட்டு நின்றது. என்ன என்று கேட்டான். மச்சம் ஒன்று வெட்டினது என்று யோகநாதன் வாயால் சொன்னார். நோகுதா என்று கேட்டான். இன்னும் இல்லை, ஊசியின் விறைப்பு விட்டபிறகுதான் நோகும் என்றார். அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். டொக்டரின் கடிதம் சேட்டுப் பைக்குள்ளேயே இருந்தது, அவன் கேட்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். பொலிஸுக்குப் போனதைக் கேட்டதும் கௌரி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். கேத்தலை அடுப்பில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு வந்து, துண்டில் எழுதியிருந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

"கிழிஞ்சிடப் போகுது, லமினேற் பண்ணுங்கோ எண்டு நானெல்லோ ரெண்டு வருசமாச் சொல்லிக்கொண்டு இருந்தனான்," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நெடுநேரம் சிரிக்கவில்லை.

றிப்போட் வர இரண்டு கிழமை சென்றது. அந்த இரண்டு கிழமையும் அவர் வீட்டில் ஓரிடத்தில் இருக்கவில்லை. டொக்டர் பலீல் றிப்போட்டை நீட்டியபோது யோகநாதன் அதை வாங்கவில்லை. ஆங்கிலம் அவருக்கு நன்றாக வாசிக்க வரும்.

"நீங்களே வாசியுங்கோ டொக்டர். முழுக்க."

டொக்டர் முழுக்க வாசித்தார், ஒவ்வொரு வரிக்கும் பொருளும் சொன்னார். அது கெட்டுப்போகத் தொடங்கிய மச்சம்தான். ஆழம் போகவில்லை. வெட்டின விளிம்பெல்லாம் சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து உடம்பு முழுவதையும் காட்டவேண்டும்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா?" என்று யோகநாதன் கேட்டார்.

"அது இதில எழுதி இல்ல," என்றார் டொக்டர்.

தழும்பு டொக்டர் சொன்னபடியே எழும்பியது. நாலாம் மாதம் அது மச்சத்தைவிட நீளமாக, மினுங்கலாக, விரல் வைத்தால் தடுக்கும்படி இருந்தது. டொக்டர் தடவக் களிம்பு தந்தார். அது வேலை செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும் என்றார். சென்றிகளில் இப்போது அவர் முன்னைவிடச் சீக்கிரம் கடந்து போகிறார். அந்தச் சீக்கிரம் அவருக்குப் பிடிக்கவில்லை, போன இரண்டு வருடத்தை நினைவூட்டுகிறது. தழும்பு அரித்துக் கடிக்கிறது, வெயிலில் இன்னும் மோசமாகக் கடிக்கிறது. கோல்பேஸ் பக்கம் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்தும்போது அந்தக் கடி தொடங்கும். வரிசையில் நிற்கிற ஆம்பிளை ஒருவன் சேட்டுக்குள் கையை விட்டு வலது தோளைச் சொறிந்தால் யார் யார் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஒரு கையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் காற்சட்டைத் தையலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னுடைய முறை வரும்வரை அசையாமல் நிற்கிறார்.